நான்கு ஆண்டுகளாக வேறு ஊரில் இருக்கிறேன்

இந்த ஃபைபர் இணைப்பைப் போட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெருநகரம் என்றும் சொல்ல முடியாத, சிற்றூர் என்றும் தள்ளிவிட முடியாத ஓர் ஊர். வேகக் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 100 மெகாபிட் திட்டம். கேபிளைக் கணினியில் நேரடியாகச் செருகினால் 94 வருகிறது. கோப்பு இறங்கும்போது திரையில் 12 என்று காட்டினால் பதற வேண்டாம், அது மெகாபைட் கணக்கு, எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சாலையைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டதால் ஒருமுறை இரண்டு நாள் இணையம் இல்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் குறை வேறு. இணையம் என்னை இன்னொரு ஊர்க்காரனாகவே நடத்தி வந்திருக்கிறது.

முதல் மாதம் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெருநகரத்திலிருந்து யாரோ என் கணக்கில் நுழைந்திருக்கிறாராம். கை நடுங்க கடவுச்சொல்லை மாற்றினேன். இரண்டே நிமிடத்தில் அடுத்த மின்னஞ்சல்: அதே பெருநகரத்திலிருந்து கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறது! திருடன் யாரென்று அப்போதுதான் புரிந்தது. மறுநாள் இணைப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். “சார், எங்கள் லைன் அங்கிருந்துதான் வருகிறது. அப்படித்தான் காட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டார் ஒருவர். தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்பட்டேன். அவர் சொன்னது முழு உண்மை.

இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதில் ஊர்ப்பெயர் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. முகவரித் தொகுதி எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது, தரவு எந்த வழியாகப் போகிறது என்பதையெல்லாம் வைத்துச் சில நிறுவனங்கள் ஊகித்துப் பட்டியல் போடுகின்றன. எங்கள் ஊரின் இணையப் போக்குவரத்து முழுவதும் பெருநகரத்துக்குப் போய்த்தான் வெளியுலகைத் தொடுகிறது. தரவு போகும் வழியை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். நான்காவது வரியிலேயே அங்கே போய்விட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால், 400 கிலோமீட்டர் போய்வர 4 மில்லிவிநாடியாவது வேண்டும். எனக்கு 9 ஆகிறது. அடுத்த தெருவில் வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பருக்கு நான் அனுப்பும் கோப்புகூட அந்தப் பயணத்தை முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் நுழைகிறது.

ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை சிறியது. ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் இப்படிப் பட்டியல் போடும் மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் தரவுத்தளம் நாட்டின் நடுவே ஒரு புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தது. அது கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின்மேல் போய் விழுந்தது. களவுபோன பொருளையும் மோசடிக்காரர்களையும் தேடி வந்தவர்கள் பல ஆண்டுகள் அந்தக் கதவைத் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளிவந்த பிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள்.

இரண்டாம் ஆண்டு, வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டேன். ரவுட்டரில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் இணையவில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தால் முகவரி 100.72 என்று தொடங்கியது. இணையத்தளங்கள் காட்டியதோ முற்றிலும் வேறு எண். 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள், இணைப்பு நிறுவனத்தின் வலைக்குள் மட்டும் புழங்குவதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான்; உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. ஆகவே ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கிறோம். வெளியிலிருந்து கேமராவைத் தேடி வரும் அழைப்புக்கு என் வீடு எதுவென்று தெரிவதில்லை. முகம் தெரியாத கூட்டுக்குடித்தனம். அதில் ஒருவர் சேட்டை செய்தாலும், நான் மனிதன்தான் என்று நிரூபிக்கப் போக்குவரத்து விளக்குப் படங்களை நான் பொறுக்க வேண்டும். ஒரே ஆறுதல், தளங்களின் கண்ணுக்கு நான் கூட்டத்தில் ஒருவன். இணைப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் அப்படியில்லை.

கூட்டத்தில் ஒளிந்திருக்கிறோம் என்ற நிம்மதியை ஒரு மடிக்கணினி கெடுத்தது. ஜிபிஎஸ் இல்லாத கணினி அது. வரைபடத் தளம் இருப்பிடத்தைக் கேட்டபோது யோசிக்காமல் அனுமதித்தேன். நீலப்புள்ளி நேராக என் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்தது. பிரவுசர் ஐபி முகவரியைச் சீண்டவே இல்லை. சுற்றியிருக்கும் வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறது. பிறகு வீடு மாறினேன். புது வீட்டைச் சுற்றிக் காலி மனைகள், வேறு வைஃபை கிடையாது. ரவுட்டரைக் கொண்டுபோய் மாட்டியதும் வரைபடம் சில நாட்கள் என்னைப் பழைய வீட்டிலேயே குடிவைத்திருந்தது. வைஃபை பெயரின் இறுதியில் அடிக்கோடும் ‘நோமேப்’ என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் சேர்த்தால் கூகுள் அந்த ரவுட்டரைக் கணக்கில் எடுக்காது. அன்றே சேர்த்துவிட்டேன்.

நம் இணையப் போக்குவரத்தை வேறிடத்துக் கணினி வழியாகச் சுற்றிவிடும் விபிஎன்னையும் ஓராண்டு காசு கொடுத்துப் பார்த்தேன். வங்கிச் செயலி உள்ளே விட மறுத்தது, தளங்கள் புரியாத மொழியில் பேசின. இணைப்பு நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது விபிஎன் நிறுவனம் பார்க்கிறது, அவ்வளவே வித்தியாசம். வெளியூர் விடுதிகளின் வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் போனில் மறையாக்கத்தோடு போகும்படி அமைத்தேன். ஆண்ட்ராய்டு 9 முதல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு, முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 வந்தது. கேமரா உடனே வேலை செய்தது, படப் பொறுக்கலும் குறைந்தது. ஆனால் இந்த முகவரியின் முன்பாதி என் வீட்டுக்கு மட்டுமே உரியது. போனும் கணினியும் பின்பாதியை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. முன்பாதியோ, என் இணைப்பில், மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. கூட்டுக்குடித்தனம் கலைந்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய தனி வீடு.

முதல் ஆண்டில், ஊரைத் திருத்தச் சொல்லி இருப்பிடப் பட்டியல் நிறுவனங்கள் இரண்டுக்கு அவற்றின் படிவத்திலேயே எழுதியிருந்தேன். ஒன்று ஒருவழியாகத் திருத்திவிட்டது; வானிலைப் பக்கம் இப்போது எங்கள் ஊர் மழையைக் காட்டுகிறது. இன்னொன்று இன்றும் என்னை அந்தப் பெருநகரத்தில்தான் வைத்திருக்கிறது. அதற்கு நான் நினைவூட்டவில்லை.