த்ரெட்சானிடைசரா, ஹெல்கிரைண்டா? கருவியே கிராஷ் ஆகும்போது

பல த்ரெட்கள் ஓடும் சி++ நிரலில் டேட்டா ரேஸ் (இரண்டு த்ரெட்கள் ஒரே நினைவக இடத்தை ஒருங்கிணைப்பின்றித் தொட்டு, ஒன்றாவது அதில் எழுதும் பிழை) தேட, லினக்ஸில் நம் கை முதலில் போவது இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான்: கம்பைலரோடு வரும் த்ரெட்சானிடைசர், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவித் தொகுப்புக்குள் இருக்கும் ஹெல்கிரைண்ட். எது அதிகப் பிழை பிடிக்கும் என்பதை விடுங்கள். சோதனையின் நடுவில் கருவியே விழுந்தால் எதைத் தூக்கி நிறுத்துவது சுலபம் என்று பார்ப்போம்.

த்ரெட்சானிடைசர் விழுந்தால் பெரும்பாலும் மெயின் ஃபங்ஷனுக்குள் போவதற்கு முன்பே விழும். 'அன்எக்ஸ்பெக்டட் மெமரி மேப்பிங்' என்று ஒரே வரி, அவ்வளவுதான். கொடுமை என்னவென்றால், மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும், அடுத்த முறை மீண்டும் விழும். இப்படி விட்டு விட்டு வருவதால் நம் நிரலில்தான் ரேஸ் என்று நினைத்து இரண்டு நாள் லாக்குகளைத் துருவியிருக்கிறேன். அங்கே ஒன்றுமே இல்லை. த்ரெட்சானிடைசர் தன் நிழல் நினைவகத்துக்காக (நிரல் எந்த நினைவகத்தை எப்போது தொட்டது என்று குறித்துவைக்கும் இடம்) சில முகவரிப் பகுதிகளை முன்கூட்டியே பிடித்துவைக்கிறது. கர்னலோ பாதுகாப்புக்காக லைப்ரரிகளைக் கண்ட இடத்தில் வைக்கிறது. அந்தச் சிதறல் முன்பு 28 பிட். உபுண்டு 24.04 போன்றவற்றில் 32 பிட். சிதறல் கூடியதும் இரண்டும் மோதிக்கொள்கின்றன. கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் அதை 28-க்கு இறக்குங்கள். அல்லது செட்ஆர்ச் என்ற கட்டளையைக் கொண்டு அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் முகவரிச் சிதறலை நிறுத்துங்கள். டாக்கர் கண்டெய்னருக்குள் என்றால் செட்ஆர்ச்சை டாக்கரின் இயல்பான செக்கம்ப் வடிகட்டி (கர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்துவது) தடுத்துவிடும், அதையும் தளர்த்த வேண்டும். மெய்நிகர் நினைவக வரம்பு போட்ட கிளஸ்டரிலும் த்ரெட்சானிடைசர் தொடக்கத்திலேயே படுத்துவிடும்.

ஹெல்கிரைண்டுக்கு மறுகம்பைல் தேவையில்லை, அது பெரிய வசதி. ஆனால் அது விழுவது நடுவழியில்: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. புதிய சர்வரில் மார்ச்=நேட்டிவ் (அந்தக் கணினியின் சிபியுவுக்கே ஏற்ற கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லும் கம்பைலர் ஆப்ஷன்) போட்டுக் கம்பைல் செய்தால் ஏவிஎக்ஸ்-512 என்ற புதிய சிபியு கட்டளைகள் உள்ளே வந்துவிடும், வால்கிரைண்டுக்கு அவை புரியாது. சோதனைக்கான பில்டை ஏவிஎக்ஸ்2 அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். 500 த்ரெட்டைத் தாண்டினாலும் நின்றுவிடும், அந்த வரம்பை உயர்த்த ஆப்ஷன் உண்டு.

வேகம்? த்ரெட்சானிடைசர் 5 முதல் 15 மடங்கு மெதுவாக்கும். ஹெல்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓட்டுவதால் அதைவிட மோசம்.

மூலநிரல் கையில் இருந்தால் என் தேர்வு த்ரெட்சானிடைசர்தான். அதன் கிராஷுக்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் அமைப்பில் இருக்கும், ஒருமுறை சரிசெய்தால் போதும். பைனரி மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த இரண்டில் ஹெல்கிரைண்ட்தான் வழி, பொறுமையாக இரவு முழுக்க ஓடவிடுங்கள். அப்புறம், ஜிசிசி கம்பைலரில் கட்டிய ஓப்பன்எம்பி (வேலையைத் த்ரெட்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறை) நிரல் என்றால் இரண்டு கருவிகளுமே இல்லாத ரேஸை இருப்பதாகக் கத்தும், ஜிசிசியின் ஓப்பன்எம்பி லைப்ரரியான லிப்கோம்பின் தடுப்புகள் அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே கிளாங் கம்பைலருக்கு மாறி, ஓப்பன்எம்பியின் தடுப்புகளைத் த்ரெட்சானிடைசருக்குப் புரியவைக்கும் ஆர்ச்சரைச் சேர்த்து ஓட்டுங்கள்.