டொச்லாண்ட் ரிக்கெற்: ஒரு பாட்டு ரீச்சரின் அனுபவம்

ஜேர்மனியில் வீடு வீடாகப் போய்ச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் எவர் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: டொச்லாண்ட் ரிக்கெற்றை, அதாவது நாடு முழுக்கப் பஸ்ஸிலும் உள்ளூர் ரயிலிலும் செல்லும் மாதச் சீட்டை, எடுங்கள். மாதம் 63 யூரோ. விலை ஏறியதில் எனக்குக் கோபம் உண்டு. விதிகளில் சிலது பிடிக்கவில்லை. ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வராத நாள்கள் நிறைய. இவ்வளவும் இருந்தும், இந்த நாட்டில் என் தொழிலுக்குக் கிடைத்த உதவிகளில் இதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை.

நான் இருப்பது டோர்ட்முண்டில். சொல்லிக்கொடுப்பது வாய்ப்பாட்டு. ஊரில் வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரம் முடித்துவிட்டு வந்தவள். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஒரே இடத்தில் இல்லை. டோர்ட்முண்டிலும் ஹம்மிலும் கொஞ்சப் பேர், வுப்பெற்றாலில் ஒரு அக்காவும் தம்பியும், ஈசர்லோனில் ஒரு குடும்பம், சவர்லாண்ட் மலைப்பக்கம் ஆர்ன்ஸ்பேர்க்கில் ஒரேயொரு பெண் பிள்ளை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கள் சனம், அகதி மனு கொடுத்தபோது எந்த ஊருக்கு அனுப்பப்பட்டதோ அங்கேயே வேலை, வீடு, பிள்ளைகள் என்று வேர்விட்டுவிட்டது. சனிக்கிழமையில் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளிக்கு எப்படியாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோருக்கு, வாரநாளில் இன்னொரு ஊருக்குப் பாட்டு வகுப்புக்கும் ஏற்றி இறக்க நேரம் இல்லை. இரண்டு பேரும் வேலை. அப்போது ரீச்சர்தான் போக வேண்டும்.

பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் என்ன என்று கேட்பார்கள். வாடகை வீட்டில் அது லேசான காரியம் இல்லை. 2013 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. வாடகை வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு பேரளவில், கிட்டார் சொல்லிக்கொடுத்தவரின் வழக்கு அது. அந்த அளவு வகுப்புக்கு வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்றும், வீட்டை விடச் சொன்னது செல்லும் என்றும் முடிந்தது. கிட்டாருக்கே இப்படி என்றால், நாலு பிள்ளைகள் சேர்ந்து மூன்றாம் காலத்தில், அதாவது மூன்றாம் வேகத்தில், அலங்காரப் பயிற்சி பாடினால் மேல் வீடும் கீழ் வீடும் என்ன சொல்லும்? அவரவர் வீட்டில் அவரவர் பிள்ளை பாடுவது வேறு விஷயம். அதை அயலவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். இரவு பத்து மணிக்கு முன் முடித்துவிட வேண்டும்.

சரி, ரிக்கெற்றுக்கு வருவோம். இது வருவதற்கு முன் எங்கள் பக்கம் பயணம் செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். டோர்ட்முண்ட் வி.ஆர்.ஆர் என்ற போக்குவரத்துக் கூட்டமைப்பின் கட்டண எல்லைக்குள் இருக்கிறது. ஹம், ஈசர்லோன், ஆர்ன்ஸ்பேர்க் மூன்றும் வெஸ்ட்ஃபாலன் கட்டண எல்லைக்குள். ரயில் ஒன்றுதான், தண்டவாளம் ஒன்றுதான், ஆனால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் நகரத்துக்கு எடுத்த மாதச் சீட்டு செல்லாது. எல்லைக்குள்ளேயும் அப்போது ஏ, பி, சி, டி என்று விலைப்படிகள் இருந்தன. மெஷின் முன்னால் நின்று தூரத்தையும் படியையும் சரியாகத் தெரிவு செய்து, சில சீட்டுகளை முத்திரை குத்தும் பெட்டியில் குத்திவிட்டு ஏற வேண்டியிருந்தது. பிழைத்தால் 60 யூரோ அபராதம்.

2022 கோடையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் 9 யூரோவுக்கு நாடு முழுக்க ஓடலாம் என்று ஒரு ரிக்கெற் வந்தது. அது முடிந்தபோது மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. பிறகு 2023 மே 1ஆம் திகதி 49 யூரோவுக்கு டொச்லாண்ட் ரிக்கெற் வந்தது. பஸ், ட்ராம், நிலக்கீழ் ரயில், நகர ரயிலான எஸ்-பான், பிராந்திய ரயில்களான ஆர்.பி., ஆர்.இ. எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் செல்லும். வுப்பெற்றாலில் 1901இலிருந்து ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ஷ்வேபபானிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தூர ரயில்களில்தான் செல்லாது. எங்கள் வேலைக்கு அவை தேவையும் இல்லை.

இந்த ரிக்கெற் எனக்குச் செய்த பெரிய காரியம் காசு மிச்சம் பிடித்ததல்ல. தூரத்துக்கு விலை இல்லாமல் செய்ததுதான். ஆர்ன்ஸ்பேர்க் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டோர்ட்முண்டிலிருந்து ஆர்.இ. 57 மணிக்கொரு தடவை ரூர் ஆற்றை ஒட்டி அங்கே போகிறது. தனித்தனிச் சீட்டு எடுத்துப் போய் வந்தால் ஒரு வகுப்புக் காசில் பெரும்பகுதி பயணத்துக்கே போயிருக்கும். பெற்றோரிடம் பயணக் காசைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் அவர்கள் பாவம், மாதத்துக்கு இரண்டு வகுப்பு போதுமா ரீச்சர் என்பார்கள். மாதத்துக்கு இரண்டு வகுப்பில் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசைகூட நிற்காது. தொண்டை மறந்துவிடும், தாளம் கையை விட்டுப் போய்விடும். இப்போது வாரம் தவறாமல் போகிறேன். டோர்ட்முண்டில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் வாங்கும் அதே காசைத்தான் ஆர்ன்ஸ்பேர்க்கிலும் வாங்குகிறேன். தனியாக ஒரு ஊரில் வளர்கிற பிள்ளைக்கு, பக்கத்தில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லாத காரணத்துக்காகப் பாட்டு விலை கூடக்கூடாது.

ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கலாமே என்பது அடுத்த கேள்வி. கொரோனாக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தோம், நானும் செய்தேன். அதன் எல்லை எனக்கு நன்றாகத் தெரியும். சத்தம் போய்ச் சேரச் சின்னத் தாமதம் இருக்கிறது. பேசும்போது அது தெரியாது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆதி தாளம் போட்டால் என் தட்டும் பிள்ளையின் தட்டும் ஒருபோதும் ஒன்றாக விழாது. அதனால் ஒருவர் மைக்கை மூடிவிட்டு மற்றவர் பாட வேண்டும். சேர்ந்து பாடுவது என்பதே இல்லாமல் போகிறது. கர்நாடக சங்கீதத்தில் பிள்ளை பாதி படிப்பது ரீச்சரின் குரலுக்குள் தன் குரலை வைத்துத்தான்.

இன்னொன்று சுருதி. வீடியோ செயலிகள் இடைவிடாமல் ஒலிக்கும் சத்தத்தைப் பின்னணி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். மின்விசிறிச் சத்தத்தை நீக்கச் செய்த வேலை அது. தம்புராவும் இடைவிடாமல் ஒலிப்பதுதானே. நான் இங்கே சுருதிப்பெட்டியைப் போட்டால் அங்கே பிள்ளைக்கு அது வந்து வந்து மறையும். அமைப்புகளுக்குள் போய் மூல ஒலியை அப்படியே விடும்படி மாற்றலாம், ஆனால் அதை இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்தும் தோடி ராகத்தில் வரும் காந்தார சுரத்தின் அசைவு அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உடைந்துதான் கேட்கும். பிள்ளை கேட்டதைத்தான் பாடும். உடைந்த காந்தாரத்தைப் பழகிய குரலைத் திருத்துவது, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். நேரில் போனால் பிள்ளை எங்கே மூச்சு எடுக்கிறது, தோளைத் தூக்குகிறதா, தாடையை இறுக்குகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். சுருதி சேர்ந்த அந்த நொடியில் பிள்ளையின் முகம் மாறும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறேன்.

ரயிலுக்குள் இருக்கும் நேரமும் வேலை நேரம்தான். பிள்ளைகள் அனுப்பிய ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்பேன். அடுத்த வகுப்புக்கான சுரக்குறிப்பைக் கொப்பியில் எழுதுவேன். மடியில் விரல்விட்டுத் தாளம் எண்ணினால் எதிரில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள், பிறகு பழகிவிடும். சில வீடுகளில் தம்பிமார் பள்ளிக்கூடத்திலேயே வயலின் பிடிக்கப் பழகுகிறார்கள். ரூர் பகுதியில் 2007இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாத்தியம் என்று தொடங்கிய திட்டம் 2015இலிருந்து யேகிற்ஸ் என்ற பெயரில் மாநிலம் முழுக்க நடக்கிறது. அக்காவின் ஐந்து கட்டைச் சுருதியைத் தம்பி தன் வயலினின் ஜி தந்தியோடு சேர்த்துப் பார்த்துச் சரி என்று தலையாட்டும்போது எனக்கு மிகவும் சந்தோஷம். இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் அடுத்த கிழமைக்கு என்ன கொண்டுபோவது என்று யோசித்தபடியே வருவேன். ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் பிள்ளைகளைப் பாட அழைத்துப் போகும்போதும் இதே ரிக்கெற்தான். 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில், நகர மையத்துக்கு வெளியே உயென்ட்ரொப்பில் இருக்கிறது. ஹம்மில் இறங்கிப் பஸ் எடுக்க வேண்டும். பஸ்ஸுக்குத் தனிக் காசு இல்லை.

இனிக் குறைகள். முதலாவது விலை. 49இல் தொடங்கியது 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. மூன்று வருடம் முடிவதற்குள் 14 யூரோ. 2027இலிருந்து செலவுக் கணக்கை வைத்து விலையை நிர்ணயிப்பார்களாம், அதாவது இன்னும் ஏறும். நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நிறுவனம் ஒரு பங்கு கொடுத்தால் விலை குறையும். எங்களைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு அப்படிக் கொடுக்க யாரும் இல்லை. வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டலாம் என்பதுதான் ஆறுதல். மாதா மாதம் வங்கியில் கழிக்கும் காசுக்கு உரிய பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, இது ஒருவர் பெயரில் மட்டும் செல்லும். கூட யாரையும் கூட்டிப் போக முடியாது. முன்பிருந்த சில மாதச் சீட்டுகளில் மாலையிலும் சனி ஞாயிறிலும் இன்னொருவரை அழைத்துப் போகலாம். அது எங்களுக்கு எவ்வளவு உதவி! மிருதங்கம் வாசிக்கும் தம்பியை ஒத்திகைக்குக் கூட்டிப் போவதற்கு இப்போது அவருக்கும் தனிச்சீட்டு. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் சீட்டு வேண்டாம்.

மூன்றாவது தாமதம். இதற்கு ரிக்கெற்றைக் குறை சொல்ல முடியாது, ஆனால் ரிக்கெற்றை நம்பி வாழ்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் இப்போது இரண்டு ஊருக்கு இடையில் எப்போதும் ஒரு ரயிலை விட்டுக்கொடுத்துத்தான் நேரம் கொடுக்கிறேன். எங்கள் மாநிலத்தில் புறப்பாடு 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தி, வேறு வழியும் இல்லாவிட்டால், டாக்ஸி எடுத்துவிட்டுக் காசைத் திரும்பக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஒரு எல்லைத் தொகை வரை தருவார்கள். பலருக்கு இது தெரியாது. பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள். திருத்த வேலைகள் வேறு. ஹாகன், வுப்பெற்றால், கோல்ன் பாதையை 2026 பெப்ரவரி முதல் ஜூலை வரை மூடித் திருத்துவது என்று திட்டம். அந்த அக்கா தம்பிக்கு வகுப்பை நீளமாக்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மாற்றுப் பஸ்ஸில் போவதென்று பேசியிருக்கிறோம்.

எடுப்பவர்களுக்குச் சில வார்த்தை. போனில் கியூஆர் கோடாகவும் எடுக்கலாம், சில போக்குவரத்து நிறுவனங்கள் பிளாஸ்டிக் அட்டையாகவும் தருகின்றன. கிடைத்தால் அட்டையை எடுங்கள். நாள் முழுக்கப் போனில் சுருதி போட்டு, ஒலிப்பதிவு கேட்டு, மாலையில் பரிசோதகர் வரும்போது பற்றரி தீர்ந்திருந்தால் சீட்டு இல்லாததற்குச் சமம். படம் உள்ள அடையாள அட்டையும் கையில் வேண்டும். இது சந்தா. நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். 10ஆம் திகதிக்குள் நிறுத்தினால் அந்த மாத முடிவோடு முடியும், தவறினால் அடுத்த மாதக் காசும் போகும். கோடையில் ஊரிலிருந்து அம்மாவோ குருவோ வந்து நின்றால் அவர்களுக்கும் ஒரு மாதத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம், அப்போது இந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஊரில், நடந்து போகும் தூரத்தில் என்றால் இது உங்களுக்கு வேண்டாம். அந்த 63 யூரோவை நல்ல சுருதிப்பெட்டிக்குச் சேமிக்கலாம்.

விலை 70 ஆனாலும் நான் எடுப்பேன். 80ஐத் தாண்டினால் ஒவ்வொரு வீட்டிலும் வகுப்புக் காசைக் கூட்டிக் கேட்க வேண்டி வரும். அப்படி வந்தாலும் எல்லா வீட்டிலும் ஒரே அளவுதான் கூட்டுவேன். இதை ஆர்ன்ஸ்பேர்க் அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.