மார்பிள் கட்டரா, சர்க்குலர் சாவா? வீட்டில் பிளைவுட் வெட்ட எது நல்லது

என் கார் ஷெட்டில் முதலில் இருந்தது மார்பிள் கட்டர்தான். டைல்ஸ் வேலைக்காக வாங்கிய, 110 மி.மீ. பிளேடு போடும் மெஷின். அதிலேயே கார்பைடு பல் வைத்த மர பிளேடை மாட்டி இரண்டு வருடம் பிளைவுட் வெட்டினேன். எங்கள் பக்கம் ஆசாரிகள் பலரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள், அதைப் பார்த்துப் பழகியதுதான். போன வருடம் மகளுக்குப் புத்தக அலமாரி செய்யும்போது 185 மி.மீ. பிளேடு போடும் சர்க்குலர் சா, அதாவது மரம் வெட்டும் வட்ட ரம்ப மெஷின் வாங்கினேன். அதற்கப்புறம் மரத்துக்குக் கட்டரைத் தொடவில்லை.

கட்டரின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு, எடை குறைவு. அலமாரிக்குள், சுவரோரம் என்று இடுக்கான இடத்திலும் போகும். ஒரே மெஷினில் டைல்ஸும் வெட்டலாம், கடப்பாக் கல்லும் வெட்டலாம். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு அதன் ஆழமே போதும். சர்க்குலர் சா 60 மி.மீ.க்கு மேல் இறங்கும் என்றாலும் வீட்டு வேலையில் அந்த ஆழம் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. கண்ணாடி, மாஸ்க், காதடைப்பு எல்லாம் இரண்டுக்கும் வேண்டும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் இரண்டு மெஷின் பக்கத்திலும் கூடாது.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: வெட்டி முடித்து சுவிட்சை விட்ட பிறகு வரும் சில விநாடிகள்.

சுவிட்சை விட்டதும் பிளேடு நிற்பதில்லை. கரண்ட் போன ஃபேன் மாதிரி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கட்டரில் மேல்பாதிக்குத்தான் மூடி. கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே கிடக்கும். கல் வெட்டும் டயமண்ட் பிளேடுக்காகச் செய்த அமைப்பு அது. டயமண்ட் பிளேடில் பல் கிடையாது, உராய்ந்து தேய்த்துத்தான் வெட்டும். அதே இடத்தில் பல் வைத்த பிளேடை மாட்டும்போது கதை மாறிவிடுகிறது. பல் எதைத் தொட்டாலும் கவ்வி இழுக்கும். கட்டரோடு வரும் கையேடுகள் பலவற்றில் மர பிளேடு மாட்டாதீர்கள் என்றே இருக்கும். நான் அதை நடந்த பிறகுதான் பிரித்துப் படித்தேன்.

நடந்தது இதுதான். ஒரு பலகையை வெட்டி முடித்து, விழும் துண்டைப் பிடிப்பதற்காகக் கட்டரைத் தரையில் வைத்தேன். பிளேடு நின்றிருக்கவில்லை. பல் தரையைத் தொட்டதும் மெஷின் ஓர் எகிறு எகிறி, தன் வயரின் மேலேயே ஏறியது. வயரின் கறுப்பு உறை கீறி உள்ளே நீலக் கம்பி தெரிந்தது. என் கால் அங்கிருந்து ஒரு சாண் தூரம். அன்றோடு வேலையை நிறுத்திவிட்டேன்.

சர்க்குலர் சாவில் கீழ்ப்பாதிக்கும் ஸ்பிரிங் வைத்த மூடி உண்டு. பலகைக்குள் நுழையும்போது அதுவாகவே பின்னால் ஒதுங்கும். வெட்டு முடிந்து வெளியே வந்ததும் ‘டப்’ என்று மூடிக்கொள்ளும். உள்ளே பிளேடு சுற்றிக்கொண்டிருந்தாலும் வெளியே பல் தெரியாது.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டர் நிமிடத்துக்கு 13,000 சுற்று என்றால் பிளேடின் விளிம்பு மணிக்குச் சுமார் 270 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சர்க்குலர் சா 5,500 சுற்று, விளிம்பில் சுமார் 190 கி.மீ. இரண்டுமே விரலுக்கு ஆகாது. ஆனால் வேகம் கூடுதலான மெஷினுக்குத்தான் மூடி பாதி.

அடுத்தது பவர் கட். கட்டரில் சுவிட்சை அழுத்திப் பக்கத்துப் பட்டனைத் தட்டினால் லாக் ஆகிவிடும், கையை எடுத்தாலும் ஓடும். அந்த நிலையில் கரண்ட் போனால் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு நாம் உள்ளே போய்விடுவோம். கரண்ட் வந்ததும் ஆளில்லாமல் அது தானாக ஓட ஆரம்பிக்கும். நம் ஊரில் இது அபூர்வமான விஷயம் இல்லை. என் சர்க்குலர் சாவில் லாக் கிடையாது. கட்டைவிரலால் ஒரு பட்டனைத் தள்ளினால்தான் சுவிட்சே இறங்கும், விரலை எடுத்தால் ஆஃப். ஆனால் சர்க்குலர் சா எல்லாமே இப்படி இல்லை, லாக் ஆகும் மாடல்களும் விற்கிறார்கள். வாங்கும்போது கடையிலேயே அழுத்திப் பாருங்கள். மெஷின் எதுவானாலும் கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

சர்க்குலர் சாவிலும் தொந்தரவு உண்டு. எடை நாலு கிலோவை ஒட்டி இருக்கும், ஒற்றைக் கையில் பிடிக்கவே கூடாது. வெட்டிய வாய் மூடிக்கொண்டு பிளேடை நெரித்தால் மெஷின் நம்மைப் பார்த்து உதைக்கும். அதனால் பலகைக்கு அடியில் வெட்டுக் கோட்டின் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். பிளேடு பலகைக்குக் கீழே பல்லளவு எட்டிப் பார்த்தால் போதும், நான் 5 மி.மீ.க்கு மேல் விடுவதில்லை. மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன்.

கீழ் மூடியைத்தான் விடாமல் கவனிக்க வேண்டும். பிளைவுட் பசையும் மரத்தூளும் சேர்ந்து அப்பிக்கொண்டால் அது பாதியில் நின்றுவிடும். தினமும் ஆரம்பிக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, லீவரை இழுத்து விட்டுப் பார்க்கிறேன். சட்டென்று மூடாவிட்டால் பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகுதான் வேலை. சிலர் கோடு தெரிவதற்காக மூடிக்குள் ஒரு மரச்சில்லைச் செருகி, திறந்தபடியே நிறுத்தி வெட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் கூடுதல் காசு கொடுத்து இதை வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

நான் வெட்டியது பெரும்பாலும் பிளைவுட்தான். தேக்கு மாதிரி கனமான பலகையில் எனக்குப் பழக்கம் போதாது, அதை நாள் முழுக்க வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ரெண்டு பலகை வெட்டுவதற்கென்றால் ரெண்டு மெஷினுமே வேண்டாம் என்பேன். அளவைக் குறித்துக் கொடுத்தால் பிளைவுட் கடைப் பக்கத்திலேயே வெட்டித் தருகிறவர்கள் இருப்பார்கள்.

கட்டருக்கு வயர் மாற்றி டயமண்ட் பிளேடை மறுபடி மாட்டிவிட்டேன். போன மாதம்கூட பாத்ரூம் டைல்ஸ் அதில்தான் வெட்டினேன். அந்தப் பழைய மர பிளேடை, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று, பல்லையெல்லாம் சுத்தியலால் தட்டி உடைத்து இரும்புக் கடையில் போட்டுவிட்டேன்.