பனியன் கம்பெனியில் ஒரு லித்தியம் பேட்டரி அலமாரி: பொருளுக்கு மதிப்பெண் உண்டு, பொருத்தியவர்களுக்குக் குறைவு

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் வழியில் இருக்கும் எங்கள் ஜாப் ஒர்க் பனியன் கம்பெனியில், கூரைமேல் ஏற்கெனவே இருந்த சோலார் தகடுகளோடு சேர்த்து இயக்குவதற்காக, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து 30 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி அலமாரி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் அதன்மேல் கடந்துவிட்டதால், இதே யோசனையில் இருக்கும் பல்லடம், சோமனூர், பெருந்துறைப் பக்கத்துத் தொழில்காரர்களுக்குப் பயன்படும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் குறைகளை வேறு நிறுவனங்கள் பொருத்திய இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பொருள். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி அளவுள்ள ஆறு தொகுதிகள் ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் பதினாறு தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. பவர் டேபிள் தையல் மிஷின்களும் விளக்குகளும் மட்டும் இதில் ஓடுகின்றன. அயர்னிங்கை நாங்கள் சேர்க்கவில்லை. பத்து கிலோவாட் சுமையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இழுக்கிறது. மின்சாரம் போகும் கணத்தில் ஓவர்லாக் மிஷின்கள் நின்று தையல் அறுந்துபோவது அறவே இல்லை. டீசல் ஜெனரேட்டரின் சத்தமும் புகையும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. இந்த அளவில் பொருளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

புகார், அதை விற்றவர்கள் பாதுகாப்பு என்று எதைச் சொன்னார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது. விற்பனைக்கு வந்தவர், இந்த வகை பேட்டரி தீப்பிடிக்கவே பிடிக்காது என்றார். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகையோடு ஒப்பிட்டால் இது சாதுவானது என்பது உண்மைதான்: கட்டுக்கடங்காமல் தானே சூடேறும் நிலையை இது இன்னும் உயர்ந்த வெப்பத்தில்தான் அடைகிறது, அப்போதும் ஆக்சிஜனை எளிதில் விடுவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் எரியக்கூடிய கரிமக் கரைப்பான். செல் கெட்டுப் பிளந்தால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் வெளியேறுகின்றன. அந்த வாயு உடனே எரியாமல் மூடிய அறைக்குள் தேங்கினால் ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கின் ஃபெங்தாய் பகுதியில் வெடித்து இரண்டு தீயணைப்பு வீரர்களின் உயிரைப் பறித்தது இதே பாஸ்பேட் வகையைக் கொண்ட சேமிப்பு நிலையம்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனாவில் வேறு வகை பேட்டரிகள் இருந்த நிலையத்தில், புகை கண்டு வந்த தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த பிறகு தேங்கியிருந்த வாயு வெடித்துப் பலர் படுகாயமடைந்தனர். வகை எதுவானாலும் வாயு தேங்க இடம் கொடுத்தது இரண்டு இடங்களிலும் உண்டு.

சான்றிதழ்கள் என்று ஒரு கோப்பு கொடுத்தார்கள். முதல் தாள் யூஎன் 38.3, அது பேட்டரியை லாரியிலும் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிச் செல்வதற்கான சோதனை, சுவரோரம் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கானது அன்று. இரண்டாவது ஏஐஎஸ் 156. அது மின்சார ஸ்கூட்டர், ஆட்டோ போன்ற வாகனங்களுக்கு உரியது, அதை எங்கள் கோப்பில் ஏன் வைத்தார்கள் என்று இன்றும் விளங்கவில்லை. மூன்றாவதாக இருந்த ஐஇசி 62619 மட்டுமே நமக்குத் தேவையான தாள்: தொழிற்சாலைப் பயன்பாட்டு லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்பைப் பற்றிய அந்தத் தரம், குறுக்குச்சுற்று, மிகை மின்னேற்றம், வெப்பம் ஆகியவற்றோடு ஒரு செல் கெட்டால் மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. வாங்குவோர் அந்தத் தாளில் உள்ள மாடல் எண்ணும் அலமாரியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், எங்களுக்கு ஒத்துப்போனது.

விளம்பரத்தில் 'யூஎல் 9540ஏ பாஸ்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். அது பாஸ், ஃபெயில் என்று முத்திரை குத்தும் சான்றிதழ் அல்ல. செல், தொகுதி, முழு அலமாரி, பொருத்திய இடம் என்ற நான்கு நிலைகளில் தீ எப்படிப் பரவுகிறது, என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்லும் சோதனை முறை அது. எந்த நிலை வரை சோதித்தீர்கள், அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குச் செல் நிலை அறிக்கை ஒன்று வந்தது. அதற்குமேல் கேட்டபோது பேச்சு விலைத் தள்ளுபடியின் பக்கம் திரும்பிவிட்டது.

அடுத்தது இடம். அவர்கள் முதலில் குறித்த இடம் மாடிப்படிக்குக் கீழே, துணி ரோல்களுக்கு அருகில். கம்பி நீளம் குறையும் என்பது அவர்கள் காரணம். ஐம்பது பேர் வெளியேற வேண்டிய ஒரே படிக்கட்டின் அடியில் இதை வைக்கக் கூடாது என்று நான் மறுத்தபோது, பொருத்த வந்த தம்பி, "ஒண்ணும் ஆகாதுங்ணா, எல்லாப் பக்கமும் இப்படித்தானுங் போடறோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கவலை. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 855 என்ற விதிநூல், முழு அளவுத் தீச்சோதனையால் வேறு முடிவு நிரூபிக்கப்படாதவரை, 50 கிலோவாட் மணிக்கு மிகாத தொகுப்புகளாகப் பிரித்து, ஒன்றுக்கொன்றும் சுவருக்கும் மூன்றடி இடைவெளி விடச் சொல்கிறது. அது நம் ஊர்ச் சட்டம் அன்று என்றாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தக்கது. முடிவில் வடபுறக் காம்பவுண்டை ஒட்டிக் காங்கிரீட் கூரையுடன் தனி அறை கட்டினோம். கதவு வெளிப்பக்கம் திறக்கும். ஹைட்ரஜன் மேலே ஏறும் என்பதால் கூரையை ஒட்டியும், கனமான ஆவிகளுக்காகத் தரையை ஒட்டியும் காற்றுப்போக்கிகள் வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் புழுதியை அள்ளிவரும் என்பதால் மேற்குச் சுவரில் எதையும் திறக்கவில்லை.

மின் இணைப்பில் கண்டதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பேட்டரியின் டிசி பக்கத்தில் அவர்கள் மாட்டியிருந்த பிரேக்கரின் முகப்பில் ஏசி வோல்ட் அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதன் தீப்பொறி தானே அணைய வழியுண்டு. டிசியில் அப்படி ஒரு கணம் வருவதே இல்லை. ஆறு தொகுதிகள் இணையாக நிற்கும் இடத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்; அதை அறுக்க டிசிக்கென்றே அளவிடப்பட்ட பிரேக்கரும், முன்னால் ஒரு கிளாஸ் டி (Class T) பியூஸும் வேண்டும். வற்புறுத்திய பின் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேபிள் முனைகளில் உள்ள லக்குகளை (கேபிளை நட்டோடு இணைக்கும் உலோகத் துண்டுகளை) சாதாரண ஸ்பேனரால் கைவாக்கில் இறுக்கியிருந்தார்கள். பத்து கிலோவாட் சுமையில் ஏறக்குறைய 200 ஆம்பியர் ஓடுகிறது. தளர்ந்த ஒரு லக்கில் ஒரு மில்லி ஓம் தடை கூடினாலும் அங்கே 40 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சால்டரிங் அயனைச் செருகி இரவும் பகலும் அங்கேயே விட்டுவிட்டது போலத்தான் அது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டுவரச் சொல்லி, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு நட்டிலும் பெயிண்ட்டால் கோடு போட வைத்தோம். கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது என்று சூப்பர்வைசருக்கே தெரிந்துவிடும்.

பேட்டரி நிர்வாகப் பலகையான பிஎம்எஸ்ஸையும் இன்வெர்ட்டரையும் பேசவைக்கும் மெல்லிய கேபிளும் முதல் நாள் இணைக்கப்படவில்லை. அது இல்லாமலும் எல்லாம் ஓடும். ஆனால் இன்வெர்ட்டர் மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்து மின்னேற்றும், தனியொரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டப் போவதோ சூடாவதோ அதற்குத் தெரியாது.

இனி பஞ்சு. கையேட்டில் உறைபனிக் குளிரில் மின்னேற்றக் கூடாது என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊட்டியில் பொருத்துவோருக்கு உதவலாம். பஞ்சுத் தூசிக்கு ஒரு வரிகூட இல்லை. அலமாரிக் கதவின் மின்விசிறி வலையை ஒரு மாதம் கழித்துக் கழற்றியபோது, தனியறையாக இருந்தும், சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தடித்த ஒரு படலம் அப்படியே உரிந்து கையோடு வந்தது. அந்த வாரம் பிற்பகலில் தொகுதிகளின் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டிருந்தது. உத்தரவாதத் தாளின்படி மின்னேற்றத்துக்கான உச்ச வரம்பு 45. வலையைத் துடைத்ததும் இறங்கியது. தென்கொரியாவில் 2017 முதல் 2019 வரை இருபதுக்கும் மேற்பட்ட சேமிப்பு நிலையங்கள் எரிந்ததை ஆராய்ந்த அரசுக் குழு, பாதுகாப்புச் சாதனங்களின் போதாமை, கவனக்குறைவான பொருத்தல், ஒருங்கிணைந்த கட்டுப்பாடு இல்லாமை ஆகியவற்றோடு, ஈரமும் தூசியுமான சூழலைச் சரியாகக் கவனிக்காததையும் காரணமாகக் குறித்தது. நூல் மில்லும் விசைத்தறியும் வைத்திருப்பவர்கள் அந்தக் கடைசிக் காரணத்தைத் தங்களுக்காகவே எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம். இப்போது வாரந்தோறும் வலையைத் துடைக்கிறோம்.

தீயணைப்புக்கு அவர்கள் கொடுத்தது ஓர் ஏபிசி பவுடர் சிலிண்டர். அது சுவாலையை அடக்கலாம். செல்லின் உள்வெப்பத்தைத் தணிக்காது என்பதால் மீண்டும் பற்றும். தணிக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அது தீயணைப்புத் துறையின் வேலை. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும் என்பதால், வெளியே உள்ள நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் எல்லாரும் விலகி, 101க்கு அழைத்து லித்தியம் பேட்டரி என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். எச்சரிக்கை ஒட்டுகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், தமிழிலும் இந்தியிலும் எழுதி நாங்களே கதவில் மாட்டினோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வடநாட்டவர்.

பொருளுக்கு ஐந்துக்கு நான்கு, பொருத்திய பணிக்கு இரண்டு, கேட்டபின் திருத்திக்கொண்ட பண்புக்காக அரை கூடுதல். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் முதலில் 'வருகை, சுத்தம் செய்தல்' என்று மட்டுமே இருந்தது. இறுக்க அளவு, காப்புத்தடை, எர்த் ஆகியவற்றின் சோதனையையும் பிஎம்எஸ் பதிவுகளை எங்களிடம் ஒப்படைப்பதையும் எழுத்தில் சேர்க்க வைத்தோம். பதிவுகளை இன்னும் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் அனுப்புகிறார்கள். செல்வாரியான வோல்ட்டேஜும் வெப்பமும் உள்ள முழுக் கோப்பு வரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.