பொட்டாசியம் 6.9: செட்டிநாட்டில் வீட்டுக்கே லேப் ஆளை வரவழைத்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெற்றோரைத் தனியே விட்டுவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். ஆன்லைனில் பணம் கட்டி "ஃபுல் பாடி செக்கப்" புக் செய்வது பெரும்பாலும் நீங்கள்தான். புகார் நடந்துகொண்டிருப்பதால் லேபின் பெயரைச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, லேப் வேலை தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

ஆச்சிக்கு 74 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்ட்டான். காலை ஆறரைக்கு பைக்கில் வந்த பையன் சிவப்பு மூடி டியூப் ஒன்று, ஊதா மூடி டியூப் ஒன்று, ஆக இரண்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போட்டு, வீட்டுக் குப்பைக்கூடையிலேயே போட்டுவிட்டார். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. பொட்டாசியம் 6.9. வெறும் வயிற்றுச் சர்க்கரை 71. கிரியாட்டினின் 0.9, சோடியம் 138. லேபிலிருந்து போன் எதுவும் வரவில்லை.

பொட்டாசியம் 3.5 முதல் 5.1 வரை இருக்கலாம். 6.9 என்றால் இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பலாம். சிங்கப்பூரில் இருந்த மகள் கூகுளைப் பார்த்துப் பதறி, பக்கத்து வீட்டாரை எழுப்பி, நள்ளிரவில் கார் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். டெல்மிசார்ட்டான் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை என்பதால் எண்ணை நம்பவும் காரணம் இருந்தது. ட்யூட்டி டாக்டர் நிதானமானவர். ஈசிஜி சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மருந்து போடுவதற்கு முன் புதிதாக ரத்தம் எடுத்தார். 4.3. பழைய எண்ணை நம்பி இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தால், நன்றாக இருந்த பொட்டாசியம் கீழே இறங்கி, இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியமே ஆபத்தாகியிருக்கும்.

மறுநாள் கேட்டபோது லேப் சொன்ன பதில்: "எங்க மெஷின்ல கண்ட்ரோல் பாஸ் ஆகியிருக்கு. சீரமும் சிவக்கல. ரிப்போர்ட் கரெக்ட்தான்." கண்ட்ரோல் சார்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

இந்தப் பதிலில் மயங்கிவிடாதீர்கள். அவர்கள் சொன்ன இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். சீரம் என்பது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர், சிவப்பணு உடைந்தால் அது சிவக்கும். கண்ட்ரோல் சீரம் என்பது என்ன எண் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த மாதிரிச் சீரம், பெரும்பாலும் தூளாகப் பாட்டிலில் வரும். அதில் குறித்த அளவு, பெரும்பாலும் 5 மி.லி., காய்ச்சி வடித்த நீரைப் பிப்பெட்டில் அளந்து விட்டு, நுரை வராமல் கரைத்து, அரை மணி வைத்திருந்து மெஷினில் ஓட்டுவார்கள். மெஷினும் ரீஏஜென்ட்டும் (சோதனைக்கு ஊற்றும் ரசாயனம்) சரியா என்று அது சொல்லும். அந்தப் பாட்டில் கோட்டையூரில் பைக் பையில் ஏறவில்லை, கலெக்‌ஷன் சென்டர் ஃபிரிட்ஜில் மணிக்கணக்காகக் கிடக்கவில்லை, சாயங்கால பஸ்ஸில் மதுரைக்குப் போகவில்லை. ஆச்சியின் டியூப் போயிருக்கிறது. சுழற்றாமலேயே போயிருக்கிறது.

சுழற்றாமல் என்றால் இதுதான். சிவப்பு மூடி டியூபில் எடுத்த ரத்தத்தை நிமிர்த்தி வைத்து 30 நிமிடம் உறையவிட வேண்டும். உறைய உதவும் மருந்து பூசாத வெறும் டியூப் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். பிறகு சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் மெஷினில் 1000 முதல் 1300 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றிச் சீரத்தைச் செல்களிலிருந்து பிரித்துவிட வேண்டும். மெஷின் மேல் எழுதியிருக்கும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு, ஜி (புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு விசை) வேறு. ரோட்டரின் ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 3500 சுற்றில் ஏறக்குறைய 1370 ஜி வரும். ஆரம் குறைந்தால் அதே சுற்றில் விசையும் குறையும். ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். மஞ்சள் மூடி ஜெல் டியூப் என்றால் சுழற்றியதும் ஜெல் நடுவில் வந்து தடுத்துவிடும், பயணத்துக்கு அதுதான் நல்லது. அதே ஜெல் டியூபை இரண்டாம் தரம் சுழற்றக் கூடாது. ஜெல்லுக்குக் கீழே கசிந்து கிடக்கும் பொட்டாசியம் மேலே கலந்துவிடும்.

பிரிக்காத ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் பைக் பைக்குள் இன்னும் வேகம். அதனால்தான் சர்க்கரைக்கென்று ஃபுளூரைடு போட்ட சாம்பல் மூடி டியூப் தனியாக இருக்கிறது. அதுவும் உடனே நிறுத்திவிடாது, முழுசாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஆச்சிக்கு அந்த டியூபே எடுக்கவில்லை. செலவு மிச்சம் என்று நினைத்தார்களோ என்னவோ.

அடுத்து ஐஸ். மீனுக்கு ஐஸ் போடுவதுபோல ரத்தத்துக்கும் போட்டால் கெடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரித்த சீரத்துக்கு அது சரி. பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் பொட்டாசியம் எகிறும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். வெளியே கசிவதைத் திரும்ப உள்ளே இழுத்துப்போடும் பம்ப் ஒன்று செல்லின் சவ்வில் இருக்கிறது. குளிரில் அது ஓடாது. செல் உடையாமலே பொட்டாசியம் வெளியே வந்துவிடும். செல் உடையாததால் ஹீமோகுளோபின் வெளியே வராது, சீரமும் சிவக்காது. "சீரம் சிவக்கல" என்ற சமாதானம் இங்கே செல்லாமல் போவது இதனால்தான்.

முதல் நாலைந்து மணி நேரம் வெயிலில் சர்க்கரை இறங்கியது, மீதி நேரம் குளிரில் பொட்டாசியம் ஏறியது. இரண்டும் ஒரே டியூபில். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். அதே ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 7.4 இருக்கிறது. அது ஊதா டியூபில் பார்ப்பது, ஒரு நாள் தாமதத்தில் பெரிதாக மாறாது. 7.4 என்றால் மூன்று மாதச் சராசரி 166 பக்கம். அப்படிப்பட்டவருக்கு மெட்ஃபார்மின் மட்டும் போட்டு வெறும் வயிற்றில் 71? அதே லேபில் முன்பு பார்த்த பொட்டாசியம் 4.2. முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் வசதி பெரும்பாலான லேப் சாஃப்ட்வேரில் இருக்கிறது. அணைத்து வைத்திருந்தார்களா, வந்த எச்சரிக்கையைத் தட்டிவிட்டார்களா என்று தெரியாது. போன் செய்யாதது தனிக் குற்றம். இவ்வளவு அபாயமான எண் வந்தால் டாக்டருக்கோ வீட்டுக்கோ போன் செய்து, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதி வைப்பது லேபின் கடமை.

இதுவரை சொன்னது அலட்சியம். ஏமாற்று வேலை என்பது ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் இருக்கிறது. சேம்பிள் எடுத்த நேரம் இரவு 8.40, வந்து சேர்ந்த நேரம் 8.52 என்று அச்சாகியிருக்கிறது. காலை ஆறரைக்கு எடுத்த ரத்தம்! லேபில் பதிவு போட்ட நேரத்தையே எடுத்த நேரமாக்கிவிட்டார்கள். பதினாலு மணி நேரம் பன்னிரண்டு நிமிடமாகிவிட்டது. இதைப் படிக்கும் எந்த டாக்டரும் புது ரத்தம் என்றுதான் நம்புவார். உங்கள் வீட்டுப் பழைய ரிப்போர்ட்டுகளை இப்போதே எடுத்து இந்த வரியைப் பாருங்கள்.

இன்னொரு தடயமும் தெரிந்திருக்கட்டும். பொட்டாசியம் கூடி, கால்சியம் நம்ப முடியாத அளவு இறங்கி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் குறைந்திருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க ஊதா டியூபில் போட்டிருக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ உப்பு சிவப்பு டியூபில் கலந்திருக்கலாம். முதலில் சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல் என்ற வரிசையை மாற்றினாலோ, ஊதாவில் ரத்தம் கூடிப்போனதென்று சிவப்பில் கொஞ்சம் ஊற்றினாலோ இப்படி வரும். கை நரம்பு தெரிய இறுக்கிய பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்து, "கையை மூடி மூடித் திறங்க" என்றாலும் பொட்டாசியம் கொஞ்சம் கூடும்.

புக் செய்யும் முன் லேபிடம் கேட்க வேண்டியது: கலெக்‌ஷன் சென்டரில் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறதா, எத்தனை மணிக்குச் சுழற்றுவீர்கள்? மழுப்பினால் வேண்டாம். பையன் வந்ததும் டியூபில் பெயரும் நேரமும் உங்கள் கண் முன்னே, ரத்தம் எடுத்த பிறகு, எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டிய டியூபோடு நாலு வீடு சுற்றுகிறவரிடம் ஆள் மாறும். ஊசியைத் திரும்ப மூடவிடாதீர்கள், கையில் குத்திக்கொள்வது அந்த நொடியில்தான். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். அந்த டப்பாவை அவரே கொண்டுவந்து அவரே எடுத்துப்போக வேண்டும். உங்கள் வீட்டில் குப்பை அள்ள வருகிறவர் கையில் குத்தினால் யார் பொறுப்பு?

என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரையைப் பார்த்து மட்டும் திருப்தி அடையாதீர்கள். அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, எந்தெந்தப் பரிசோதனைக்கு என்று பட்டியலாகக் கிடைப்பது. என்ஏபிஎல் இணையதளத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். வேலூர் சிஎம்சி நடத்துவதுபோன்ற வெளித் தரப் பரிசோதனையில் லேப் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கண்ட்ரோல் சார்ட் காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: நியாயமாக ஓட்டினால் சராசரியாக இருபதில் ஒரு புள்ளி 2 எஸ்டி கோட்டை (சராசரியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று போட்ட எல்லை) தாண்டும். மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூடத் தாண்டவில்லை என்றால், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி நல்லதை மட்டும் குறித்திருக்கலாம். இவர்கள் அனுப்பிய சார்ட் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

லேப் கடைசியாகத் தர முன்வந்தது, அடுத்த பேக்கேஜில் 20 சதவீதத் தள்ளுபடி. குடும்பத்தார் மறுத்துவிட்டு, மாவட்டச் சுகாதார இணை இயக்குநருக்கு எழுதியிருக்கிறார்கள். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறார்கள். அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு, கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இணைத்திருப்பவை: ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஈசிஜி, கார் வாடகை ரசீது, 8.40 என்று அச்சான பிடிஎஃப், அன்று காலை 6.31க்குப் பையன் அனுப்பிய "வாசல்ல நிக்கிறேன் ஆச்சி" என்ற வாட்ஸ்அப் செய்தி.