ஜிப்ஸியின் ஸ்டியரிங் ஆட்டமும் பிரேக் கோளாறும்: பல வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ. பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை என்று மலையும் மலையடிவாரமுமாகவே ஓடிய வண்டி. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி வெகுநாளாகிறது. இன்ஜினைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாக ஓடுகிறது. பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது முன் ஆக்ஸிலைத்தான். அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். முன் சக்கரம் திரும்புவது கிங்பின் என்ற தண்டின் மேல். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டேப்பர் பேரிங். இரண்டு சக்கரங்களையும் டை ராட் இணைக்கிறது. அதனால் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி உதறினால் அந்த உதறல் வலது சக்கரத்துக்கும் போகும். இடையில் எங்காவது பிளே, அதாவது தளர்ச்சி, இருந்தால் அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும்.

என் வண்டியில் அந்த உதறல் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. சாலை சீராக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இடது சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வேகமாக அடித்துக்கொள்ளும். கையால் இறுக்கிப் பிடித்தாலும் நிற்காது. ஆக்ஸிலேட்டரை விட்டு, 30-க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கும். அதோடு இன்னொரு தொல்லை: பிரேக்கை முதல் மிதியில் மிதித்தால் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாவது மிதியில் கெட்டியாக நிற்கும்.

முதலில் பார்த்த ஒர்க்ஷாப்பில் வீல் பேலன்சிங் செய்தார்கள், ஸ்டியரிங்கின் உதறலை உறிஞ்சும் டேம்பரும் புதிதாகப் போட்டார்கள். ஆட்டம் போய்விட்டது. சில மாதம் கழித்து அதே இடத்தில், அதே வேகத்தில் திரும்பி வந்தது. டேம்பர் உதறலை அமுக்கி வைக்குமே தவிர, உதறலின் காரணத்தை எடுக்காது. உள்ளே தேய்மானம் கூடக்கூட டேம்பரும் தோற்றுவிடும். புது டேம்பரில் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், உள்ளே எதுவோ தளர்ந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

டயரை முதலில் பார்ப்பதில் தப்பில்லை, செலவில்லாத சோதனை அது. முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் வரும் வேகம் மாறினால் டயரிலோ ரிம்மிலோ கோளாறு உண்டு. என் வண்டியில் எதுவும் மாறவில்லை. கம்பெனி அளவான 205/70 ஆர்15-க்குப் பதில் 235/75 போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். கனமான சக்கரம் அதே பழைய கிங்பின்னைத்தான் உலுக்குகிறது.

அப்புறம் டை ராட் எண்டும், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்ப வரும் டிராக் லிங்க் என்ற தண்டும். இதற்கு ஜாக்கி வேண்டாம், வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்கவேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு பால் ஜாயிண்டின் மேலும் கை வைத்துப் பார்க்கவேண்டும். தண்டு நகர்ந்த பிறகு தாமதித்து அடுத்த பாகம் நகர்ந்தால் அந்த ஜாயிண்ட் போய்விட்டது. ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் போல்ட்டுகளையும், ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ்ஷையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதற்கு அடுத்த சோதனையை ஒவ்வொரு ஜிப்ஸிக்காரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வீல் பேரிங், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும், கிங்பின்னின் மேல் திரும்பிச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகமும் ஒன்றாகக் கவ்விக்கொள்கின்றன. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின். என் வண்டியில் பிரேக் பிடித்ததும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. அதாவது இரண்டுமே போயிருந்தன.

பிரேக் பெடல் புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. வீல் பேரிங் தளர்ந்தால் டிஸ்க் சாய்ந்து சாய்ந்து பிரேக் பேடையும் கேலிப்பர் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகிவிடுகிறது. இதற்காக மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும். பேரிங் நட்டைச் சரியாக இறுக்கினாலே பெடல் மேலே வந்துவிடும். பின் டிரம்மில் ஷூ அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்தாலும் இதே அறிகுறி வரும், அதையும் பார்த்துவிட வேண்டும்.

கிங்பின்னைக் கழற்றியபோது கீழ் பேரிங்கின் கப்பில், அதாவது வெளி வளையத்தில், உருளைகள் பதிந்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. நேராக ஓடும்போது உருளைகள் ஒரே இடத்தில் நின்று வாங்கிய அடிகள் அவை. கிரீஸ் துருநிறத்தில் குழம்பாக இருந்தது. நக்கிளின் பின்பக்க சீல் கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தது, ஆக்ஸில் சீலும் கசிந்து கியர் ஆயில் கலந்திருந்தது. நான்கு பேரிங்குகளும் கப்போடு மாற்றப்பட்டன. சீல்கள் அனைத்தும் புதிது. இந்த வேலையில் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைப்பதுதான் உயிர். கிங்பின்னுக்கு அடியிலுள்ள ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கவேண்டும். சீல் பொருத்தாமல், டை ராட் சேரும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் நகரத் தொடங்க வேண்டும். என் மெக்கானிக் தராசு கொண்டுவந்து பார்த்துத்தான் மூடினார். கை அழுத்தத்தில் கணக்குப் போடுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு, மட்டும் சரிபார்த்தோம். பழைய டேம்பரே இருக்கிறது. 80-லும் குழியில் இறங்கி ஏறுகிறது, கையில் ஒரு துள்ளல் மட்டும், உடனே நின்றுவிடுகிறது.

பிரேக்கில் இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாறு வந்ததும் வண்டி இடதுபக்கம் இழுக்கும். இடது சக்கரம் மற்றதைவிடச் சுடும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் இறுகியிருந்தது. கேலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் சுதந்திரமாகச் சுற்றியது, எனவே பிஸ்டன் சிக்கவில்லை, அழுத்தம் அடைபட்டிருக்கிறது. அடுத்து மறுபடி பிரேக் மிதித்துச் சக்கரம் இறுகியதும், ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாயின் ஜாயிண்டைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை. ஆக, கோளாறு ஹோஸுக்குள்தான். வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தாலும் உள்ளே ரப்பர் வீங்கி ஒருவழிப்பாதையாகிவிட்டது. இரண்டு ஹோஸும் மாற்றி, பிரேக் ஆயிலும் முழுதாக மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கவேண்டும், ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

பின்னால் ஒரு டிரம்மில் கியர் ஆயில் நனைந்திருந்தது. சீல் மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். ஆக்ஸிலின் பிரீதர் என்ற காற்றுப்போக்கி சேறடைத்து உள்ளே அழுத்தம் ஏறியதே மூலம். எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி எரித்துப் போடுகிறார்கள் சில கடைகளில். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடானதும் எண்ணெய் மறுபடி மேலே வரும். ஷூவை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

இப்போது மழைக்காலம் முடிந்ததும் பிரீதர், நக்கிள் சீல், சக்கரத்தின் மேல்-கீழ் ஆட்டம் மூன்றையும் பார்த்துவிடுகிறேன். ஸ்டியரிங் பாக்ஸில் லேசான பிளே தொடங்கியிருக்கிறது, அடுத்து அதைத் திறக்கவேண்டும்.