எத்தனையாவது வினாடியில் கட்டாகிறது? வயர்ஷார்க் மதிப்பீடு

இணையத் தொலைபேசியில் பேச்சு பாதியில் கட்டானால், சிங்கப்பூர்ச் சிறு அலுவலகங்களில் முதல் திட்டு இணையச் சேவை நிறுவனத்துக்குத்தான். பெரும்பாலும் ஃபைபர் மேல் குற்றமில்லை. அலமாரிக்குள் இருக்கும் ஃபயர்வால் என்ற பாதுகாப்புச் சாதனம்தான் காரணம். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, வலையில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க் போதும். இலவசம். 1998இல் ஈதரியல் என்று வந்து 2006இல் பெயர் மாறிய மென்பொருள்.

கணினியில் நிறுவிவிட்டால் மட்டும் தொலைபேசியின் பாக்கெட்டுகள் தெரிந்துவிடாது. வலைச் சாதனங்களை இணைக்கும் சுவிட்சில் மிரர் போர்ட் (மற்றொரு போர்ட்டில் போவதை நகலெடுத்துத் தரும் போர்ட்) வேண்டும். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கும்போது ‘மேனேஜ்ட்’ சுவிட்ச் என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சாதா சுவிட்சில் அந்த வசதி இருக்காது.

பதிவு செய்த பிறகு டெலிஃபோனி மெனுவில் வாய்ப் கால்ஸை (இணைய அழைப்புகளின் பட்டியல்) திறந்து, கட்டான அழைப்பைத் தேர்ந்து ஃப்ளோ சீக்வென்ஸை அழுத்தினால் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்பது ஏணிப்படம் போல விரியும். இந்த ஒரு திரைக்காகவே கருவியைப் பாராட்டலாம்.

எத்தனையாவது வினாடியில் கட்டாகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. சரியாக 32 வினாடியா? படத்தில் ‘200 ஓகே’ (அழைப்பு ஏற்கப்பட்டது என்ற செய்தி) மறுபடி மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதற்குரிய ‘ஏக்’ (கிடைத்தது என்ற பதில்) போய்ச் சேரவில்லை. அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று விட்டு விட்டு அனுப்பிப் பார்த்து, 32 ஆனதும் எதிர்முனை கைவிடுகிறது. பதிலை எங்கே அனுப்புவது என்று சொல்லும் கான்டாக்ட் வரியில் 192.168 என்று தொடங்கும், அலுவலகத்துக்கு வெளியே செல்லாத உள்முகவரி கிடந்தால் காரணம் அதுவே. பிபிஎக்ஸில் (அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகம்) வெளிமுகவரியைக் கொடுங்கள், ரவுட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’யை (அழைப்புச் செய்திகளைத் திருத்தும் வசதி) அணையுங்கள். உதவி செய்வதாகச் சொல்லி முகவரியை அரைகுறையாகத் திருத்தி வைப்பது இந்த ஏஎல்ஜிதான்.

15 நிமிடம் தாண்டியதும் அறுந்தால், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கும் செஷன் டைமரைப் பாருங்கள். வழக்கமான 1800 வினாடியில் பாதியில் புதுப்பிப்புச் செய்தி போகும். அதற்குள் ஃபயர்வால், அந்தச் செய்திகள் போகும் யுடிபி வழியை மூடியிருந்தால் செய்தி வாசலிலேயே நின்றுவிடும். யுடிபி டைம்அவுட்டை 300 வினாடியாக்கி, வழி மூடாதிருக்க 30 வினாடிக்கு ஒரு ‘ஆப்ஷன்ஸ்’ செய்தியும் பிபிஎக்ஸ் அனுப்பும்படி அமையுங்கள். ஒருபக்கக் குரல் மட்டும் கேட்டால் ஆர்டிபி ஸ்ட்ரீம்ஸை (குரல் ஓட்டங்களின் பட்டியல்) திறங்கள்: ஒரு திசை மட்டும் இருந்தால் ஃபயர்வாலில் குரல் போர்ட்டுகள் அடைபட்டிருக்கலாம், அல்லது குரலை எங்கே அனுப்புவது என்று சொல்லும் எஸ்டிபி பகுதியில் உள்முகவரி போயிருக்கலாம்.

குறைகளும் உண்டு. டிஎல்எஸ் குறியாக்கம் போட்ட அழைப்புச் செய்திகளைச் சாவி இல்லாமல் படிக்க முடியாது. ஜி.711 என்ற குரல் வடிவத்தில் அழைப்பு ஒன்று மணிக்கு 80 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும், பழைய பதிவை அழித்துக்கொண்டே போகும் ரிங் பஃபர் வைக்காவிட்டால் வட்டு நிரம்பிவிடும். குறியாக்கம் இல்லாத குரலை அப்படியே ஒலிக்கவும் செய்யும் என்பதால் அலுவலகத்தின் அனுமதி வாங்காமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பதிவு செய்த இடத்தைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது. ஃபயர்வாலுக்கு உள்ளே மட்டும் பிடித்தால் ‘ஏக்’ கிளம்பியது தெரியும், வெளியே போனதா என்பது தெரியாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பதிவு எடுங்கள். இரு கணினிகளின் கடிகாரமும் என்டிபி என்ற இணைய நேரச் சேவையில் ஒத்திருக்கட்டும், இல்லையென்றால் வரிசை குழம்பும்.